தையில் வெதுவெதுப்பு, ஆடியில் நடுக்கம்: நெல்லைச் சீமைக் கடலின் சூடு

அரையாண்டுத் தேர்வு லீவில் திருச்செந்தூருக்கோ உவரிக்கோ மணப்பாட்டுக்கோ கிளம்பும் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும்: “மார்கழிப் பனியா இருக்கு, கடல்ல இறங்கினா பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்.” அதே வீட்டார் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் முழுக்குப் போடப் போகும்போது தண்ணீரின் குளிரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தை அமாவாசை, ஆடி அமாவாசை இரண்டுக்கும் அங்கே முழுகி எழுந்தவர்கள் கொஞ்சம் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்: அந்தத் தென்கோடிக் கடல் ஆண்டிலேயே அதிகம் குளிர்வது ஆடியிலும் ஆவணியிலும்தான். தையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்.

பழைய நெல்லை மாவட்டம் என்றால் வேம்பாரில் தொடங்கி தூத்துக்குடி, புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, இடிந்தகரை என்று கூட்டப்புளி வரை நீளும் கரை. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது இதில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போனது. மாவட்டம் பிரிந்தாலும் கடல் ஒன்றுதான், மன்னார் வளைகுடா. ஆனால் அந்த ஒரே கடல் வட பாதியில் ஒரு விதமாகவும் தென் பாதியில் வேறு விதமாகவும் சூடேறிக் குளிர்கிறது. குளிர்கால விடுமுறைக்குக் கடலாடத் திட்டமிடுகிறவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான்.

கடல் மேற்பரப்பின் சராசரிச் சூடு ஏறத்தாழ இப்படி நகரும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் ஜனவரியில் 26.5 முதல் 27.5 டிகிரி செல்சியஸ். பிப்ரவரி கடைசியில் 28-ஐத் தொடும். ஏப்ரல், மே மாதங்களில் 30, அல்லது அதற்குச் சற்று மேல். ஜூனில் இறங்கத் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் 27, 28. அக்டோபரில் மறுபடி கொஞ்சம் ஏறி, நவம்பர் மழையோடு மெல்ல இறங்கும். இடிந்தகரைக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட கடலில் ஜனவரி 27, 28 என்று இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் 25 முதல் 27 வரைக்கும் போய்விடும். காற்று பலமாக அடிக்கும் வாரங்களில் கரையோரம் இன்னும் கீழே இறங்குவதும் உண்டு. ஆக, ஆண்டு முழுவதும் சேர்த்தே நான்கைந்து டிகிரிதான் ஏற்ற இறக்கம்.

இந்த எண்கள் திறந்த கடலுக்கானவை. பெரும்பாலும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்பவை; அது பார்ப்பது நீரின் மேல்தோலை மட்டும். கரையில் முழங்கால் ஆழத் தண்ணீர் பகல் ஒரு மணிக்கு இதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும், விடியற்காலையில் சற்றுக் குறைவாக இருக்கும். மணப்பாட்டுக் கழிமுகம் போல ஆழமில்லாமல் தேங்கி நிற்கும் இடங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

நீங்களே அளந்து பார்க்கலாம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டுவதில்லை. மீன் தொட்டிக்குப் போடும் தெர்மாமீட்டர் போதும். அதை ஒரு கயிற்றில் கட்டி, இடுப்பளவு ஆழத்தில் முழங்கால் மட்டத்துக்கு இறக்கி, மூன்று நிமிடம் விட்டு, தண்ணீரிலிருந்து முழுதாக வெளியே எடுக்காமல் படிக்க வேண்டும். வெளியே எடுத்தால் ஈரக் கண்ணாடியில் காற்றுப் பட்டு, பார்ப்பதற்குள் ஒன்றிரண்டு டிகிரி இறங்கிவிடும். வாளியில் மோந்து அளந்தாலும் அதே பிழை வரும்.

குளிர் எங்கிருந்து வருகிறது

ஒரு கன மீட்டர் கடல் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஆகும் வெப்பத்தைக் கொண்டு அதே அளவு காற்றை ஏற்றினால் 3,500 டிகிரிக்குக் கணக்கு வரும். அவ்வளவு வெப்பத்தைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் மார்கழி இரவில் பாளையங்கோட்டையில் காற்று 22, 23 டிகிரிக்கு இறங்கினாலும் கடல் அசைவதில்லை. காலை ஆறரை மணிக்கு மணலில் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கும். தண்ணீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் நான்கு டிகிரி கூடுதல் சூடாக இருப்பதுதான் காரணம்.

சூரியன் திருச்செந்தூருக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டில் இரண்டு முறை: ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. வெயில் ஒன்றே கணக்கு என்றால் கடலும் இரண்டு முறை ஒரே மாதிரி உச்சம் தொட வேண்டும். முதல் முறை தொடுகிறது. அப்போது காற்று ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், கடல் 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில்தான் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010, 2016 போன்ற ஆண்டுகளில் வெளுத்துப் போயின. ஆகஸ்ட் கடைசியில் அதே உச்சி வெயில் இருந்தும் கடல் குளிர்ந்து கிடக்கிறது. இதைச் செய்வது காற்று.

கரையின் போக்கை மனதில் வரைந்து பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூர் வரை கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் கச்சான் காற்று ஏறத்தாழ அந்தக் கரையை ஒட்டியே, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக அடிக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும், குதிரைமொழித் தேரியில் செம்மணலைக் குன்றாகக் குவித்ததும் இதே காற்றுதான். பூமி சுழல்வதால், வட பாதி உலகில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக ஒதுங்கும். இங்கே வலப்புறம் ஆழ்கடல். மேலே இருந்த சூடான நீர் கரையை விட்டு விலகிப் போக, அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது. அதோடு சத்தும் மேலே வருகிறது, நுண்பாசி பெருகுகிறது, அதைத் தேடி மீன் வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு மீன்வளத்துக்குப் பெயர் பெற்றிருப்பதில் இந்தக் குளிர்ந்த நீருக்குப் பெரும் பங்கு உண்டு.

வாடைக் காலத்தில் கதை தலைகீழ். வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது அதன் வலப்புறம் கரை. மேல்நீர் கரையை நோக்கித் தள்ளப்பட்டுக் குவிகிறது. அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழும்ப வழியில்லை. மார்கழியில் தென்கரைக் கடல் குளிராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் வட பாதி ஏன் ஜனவரியில் கொஞ்சம் இறங்குகிறது? அந்த மாதங்களில் வங்காள விரிகுடாவின் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. மழையும் ஆற்று வெள்ளமும் கலந்த, உப்புக் குறைந்த, சற்றுக் குளிர்ந்த நீர் அது. கூடவே ஆழம் குறைந்த பாக் நீரிணைக் கடல் வாடைக் காற்றில் சீக்கிரம் குளிர்ந்து, பாம்பன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே கசிகிறது. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடிப் பக்கத்தில் இது தெரியும். உவரி வரும்போது பெரும்பாலும் கலந்து கரைந்துவிடும். திருச்செந்தூர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அங்கே ஆண்டுக்கு இரண்டு இறக்கம்: தையில் ஒன்று, ஆடியில் ஒன்று. இரண்டும் பெரியதல்ல.

27 டிகிரி உடம்புக்கு என்ன செய்யும்

27 டிகிரி என்பது போட்டி நீச்சல் குளங்களுக்கான அளவு. உலக நீச்சல் அமைப்பின் விதி 25 முதல் 28 டிகிரி. நீந்துகிறவருக்கு இது கச்சிதம், அதாவது கை கால் அசைந்துகொண்டே இருந்தால். அசையாமல் நிற்பவருக்குக் கணக்கு வேறு. தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பிலிருந்து வெப்பத்தைக் கடத்திச் செல்லும். சும்மா நிற்கும் உடம்பு குளிரும் வெப்பமும் உணராமல் இருக்கவேண்டுமானால் தண்ணீர் 33, 35 டிகிரி இருக்க வேண்டும். நம் கடல் எந்த மாதத்திலும் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆகவே இடுப்பளவு நீரில் கதை பேசிக்கொண்டு நிற்பவருக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் குளிர் ஏறுவது ஜனவரியிலும் இயல்பு, மே மாதத்திலும் கொஞ்சம் உண்டு.

குழந்தைகளை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். எடைக்குத் தகுந்த அளவில் அவர்கள் தோலின் பரப்பு அதிகம், தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. பெரியவர் ஒரு மணி நேரம் தாங்கும் நீரில் ஐந்து வயதுப் பிள்ளை இருபது நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். விளையாட்டு மும்முரத்தில் அதுவாகச் சொல்லாது. உதடு நீலம் பாரிப்பது, பல் கிட்டுவது, விரல் நுனி வெளுப்பது, கலகலவென்று இருந்த பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் ஆவது ஆகியவை அடையாளங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கரைக்குக் கூட்டிவந்து துவட்டி, எதையாவது சாப்பிடக் கொடுத்து, பிறகு இறக்கினால் காலை முழுவதும் விளையாடலாம்.

சளி பற்றிய பயத்துக்கு வருவோம். சளி கிருமியால் வருகிறது, கடல் நீரால் அல்ல. ஆனால் பெரியவர்கள் பார்த்த நடுக்கம் பொய்யல்ல. அது வருவது தண்ணீருக்குள் இருக்கும்போது அல்ல, ஏறி வந்த பிறகு. ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி ஏற்றுவதற்கு ஆவது ஒரு கலோரி. அந்த 580-உம் உடம்பிலிருந்தே போகிறது. நனைந்த சேலை, சுடிதார், பருத்தி வேட்டி அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதோடு வாடைக் காற்றில் நடந்து, உடை மாற்றும் இடம் தேடி, வரிசையில் நின்று கால் மணி நேரம் போனால், தண்ணீருக்குள் ஒரு மணி நேரம் இழந்த வெப்பத்தில் நல்ல பகுதி அங்கேயே போய்விடும். திருச்செந்தூரில் கடலாடி நாழிக்கிணற்றில் குளித்து ஈரத்தோடே நடப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

செய்யவேண்டியது எளிது. உலர்ந்த துண்டு ஆளுக்கு இரண்டு: ஒன்று துவட்ட, ஒன்று போர்த்த. இரண்டாவதை நனையாத பையில் வைக்க வேண்டும். முதலில் தலை, பிறகு முதுகு. ஈர உடையைக் களைய முடியாத இடத்தில், அதன் மேலேயே காற்றுப் புகாத ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், மழைக்கோட்டு போதும். தண்ணீருக்குள் பருத்தியைவிட நைலான், பாலியஸ்டர் உடை நல்லது. நீர் பிடிக்காது, சீக்கிரம் உலரும், காலைச் சுற்றி இழுக்காது. சூடாகக் குடிக்க ஏதாவது ஃபிளாஸ்கில் இருந்தால் நடுக்கம் பத்து நிமிடத்தில் நிற்கும். மது உதவாது, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியேற்றும்.

குளிர்ந்த காற்று இன்னொன்றையும் மறைக்கிறது. ஜனவரி நடுவில் திருச்செந்தூரில் நண்பகல் சூரியன் 60 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தோலைக் கருக்க அது தாராளமாகப் போதும். காற்று வீசுவதால் சூடு உறைப்பதில்லை. சாயங்காலம் தோள் எரியும்போதுதான் தெரியும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை, மாலை நாலிலிருந்து ஐந்தரை என்று வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

எந்த வாரம், எந்தக் கரை

குளிர்கால விடுமுறை என்று நான்கு மாதத்தையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் தண்ணீர் இதமாக இருந்தாலும் நம்பத் தகாதவை. வடகிழக்குப் பருவமழை முடியாத காலம் அது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி ஊர்களை மூழ்கடித்துப் புன்னைக்காயலில் கடலுக்குள் பாய்ந்தது. அவ்வளவு பெரிய வெள்ளம் இல்லாத ஆண்டிலும் பெருமழைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் ஆற்று முகத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் செம்மண் நிறத்தில் கிடக்கும். மரக்கட்டை, கழிவு, அறுந்த வலை எல்லாம் அதில் வரும். கலங்கிய நீரில் கால் வைக்கும் இடமும் தெரியாது, சாக்கடை கலந்திருப்பதும் தெரியாது. சூடு 28 என்று இருப்பதால் மட்டும் இறங்கக்கூடாது.

கிறிஸ்துமஸ் வாரம் பாதிக்குப் பாதி. மழை விட்டிருந்தாலும் வாடைக் காற்று பலமாக இருக்கும், கிழக்கு அலை குறுகலாக, அடுத்தடுத்து வரும். பொங்கல் கழிந்த பிறகு காற்று தணியும். பிப்ரவரியில் கடல் தெளிந்து 27, 28 டிகிரியில் நிற்கும். மாசி முழுவதும் இப்படியே போகும். கடலாடுவதற்காக மட்டும் ஒரு வாரம் ஒதுக்க முடிந்தவர்கள் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் வருவதுதான் எங்கள் சிபாரிசு. பிள்ளைகளின் பள்ளி விடாது என்றால் பொங்கல் லீவின் கடைசி நாட்கள்.

இடத்துக்கு வந்தால், சூட்டில் உள்ள வித்தியாசத்தைவிடக் கரையின் அமைப்பில் உள்ள வித்தியாசம் பெரிது. தூத்துக்குடிப் பக்கம் ஆழம் மெதுவாக இறங்கும், வெளியே தீவுகள் மறிப்பதால் அலை சிறியது. ஆனால் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அங்கே போய்க் குளிக்க அனுமதி கிடையாது. திருச்செந்தூரில் கோயில் முன்னால் பாறைகள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் உள்வாங்கும்போது பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். பார்க்க ஆசையாக இருக்கும், வழுக்கி விழுபவர்களும் இடுக்கில் கடல் முள்ளெலியை மிதிப்பவர்களும் அந்த நாட்களில்தான் அதிகம். மணப்பாட்டில் சிலுவைக் கோயில் நிற்கும் மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கத்திக் காற்று காலத்தில் மேட்டுக்கு வடக்கே ஒதுக்கம் கிடைக்கும். வாடைக் காலத்தில் அந்த வடபக்கமே அலையை வாங்கும். கோடையில் வந்து பார்த்த அமைதியை நம்பி டிசம்பரில் அதே இடத்தில் பிள்ளைகளை இறக்குவது தவறு. உவரிக்குத் தெற்கே பல இடங்களில் மணல் செங்குத்தாக இறங்குகிறது. நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு. அலை கரையிலேயே மொத்தமாக உடைந்து விழும். திரும்பும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். நீச்சல் தெரியாதவர்கள் அங்கே காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

வெளியூர்க் கடலோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு: மாலத்தீவு ஜனவரியில் 28, கோவா 27 அல்லது 28. துபாயில் ஜனவரி, பிப்ரவரியில் 22 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆகஸ்டில் 33-ஐத் தாண்டும். குளிர்காலத்தில் ஊருக்கு வரும் வளைகுடாக்காரர்கள் நம் கடலைச் சுடுதண்ணீர் என்பது அதனால்தான். மத்தியதரைக் கடலில் மால்டா பக்கம் பிப்ரவரியில் 15, 16. அந்த நீரில் சட்டென்று இறங்கினால் மூச்சு திணறும், ரப்பர் உடை வேண்டும்.

அன்றைக்குக் காலையில்

நம் கரையில் குளிரால் உயிர் போவதில்லை. இழுப்பால் போகிறது, பேரலையால் போகிறது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களிலிருந்து கிளம்பும் நெடிய அலைகள் பல நாள் கழித்து இங்கே வந்து சேரும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே 6-இல் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது; அன்றைக்கு இத்தகைய அலைக்கான எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாதில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. கிளம்பும் முன் தென் தமிழகக் கரைக்கு எச்சரிக்கை உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சூடு எத்தனை டிகிரி என்ற பேச்சே வேண்டாம்.

எச்சரிக்கை இல்லையென்றாலும் கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் இறங்காமல் நின்று பாருங்கள். அலைகள் வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல், தட்டையாக, சற்றுக் கலங்கலாக, நுரை கடலை நோக்கிப் போவது தெரிந்தால் அதுதான் இழுப்பு. பார்வைக்கு அந்த இடமே அமைதியாகத் தோன்றும். ஏமாறுகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக இருபது முப்பது மீட்டர் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரையேற வேண்டும். நீந்தத் தெம்பில்லை என்றால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துவது நல்லது.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணலால் தேய்த்தாலோ தோலில் ஒட்டியிருக்கும் கொட்டு செல்கள் வெடித்து வலி கூடும். திருக்கை முள், முள்ளெலி முள் குத்தினால் பொறுக்கும் அளவுச் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வெந்நீரில் வைத்தால் விஷத்தின் வலி இறங்கும். முள் முறிந்து உள்ளே இருந்தால் தோண்டாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அங்கே வலை காய வைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், “அண்ணாச்சி, இன்னைக்கு நீவாடு எப்படி?” என்று கேளுங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது, நேற்று சொறி வலையில் ஏறியதா என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார்.